உருஷி பேனா: வாங்கும்போது ஒரு நிறம், வயதானபின் ஒரு நிறம்

என் மேசையில் உருஷி என்ற பூச்சு ஏற்றிய ஒரு ஜப்பானிய மைப்பேனா இருக்கிறது. ஆறு வருடம் முன்பு வந்தபோது, பார்த்தவர்கள் எல்லாரும் அதைக் கருப்பு என்றுதான் சொன்னார்கள். உற்றுப் பார்த்தால் கடுங்காப்பி நிறம். மூடியின் விளிம்பில் மட்டும் மயிரிழை அளவுக்கு ஒரு சிவப்பு ஓடும். இன்று அதே பேனாவை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பினால், விளிம்பில் நின்ற சிவப்பு உள்ளே பரவியிருக்கிறது. உடல் முழுக்கக் கருப்பட்டிப் பாகு மாதிரி, அடியில் ஏதோ கனன்றுகொண்டிருப்பது போல் தெரிகிறது. இதற்காக நான் எதுவும் செய்யவில்லை. எழுதினேன், துடைத்தேன், வைத்தேன். அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "அப்போ சாயம் போகுதா?" என்பது. போகவில்லை. சாயம் போனால் இருந்த நிறம் வெளிறும். இங்கே மேலே கிடந்த திரை மெல்ல விலகி, அடியில் பூசிய நிறம் மேலே வருகிறது. ஆனால் இதே பூச்சு நிஜமாகவே வெளிறுவதும் உண்டு, செத்துப்போவதும் உண்டு. மாம்பழத்தில் கனிவது எது, அழுகுவது எது என்று நமக்குத் தெரியும் இல்லையா, அதுபோல இதிலும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும். இந்த உவமை சும்மா வரவில்லை. மாமரத்துக்கும் இந்தப் பேனாவுக்கும் சொந்தம் உண்டு. கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அரக்கு வேறு, இது வேறு

உருஷி என்பது ஒரு மரத்தின் பால். மரத்துக்கும் அதே பெயர்தான். ஜப்பான், சீனா, கொரியாவில் வளர்கிறது. பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த மரத்தில் ஜூன் முதல் அக்டோபர் வரை சில நாளுக்கு ஒருமுறை பட்டையைக் கீறி, கசியும் பாலைச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு மரம் ஒரு பருவம் முழுக்கக் கொடுப்பது சுமார் 200 கிராம், அதாவது ஒரு டம்ளர். ஜப்பானில் பெரும்பாலும் அதோடு அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள், கட்டையிலிருந்து புதிதாகத் துளிர்க்கும். உள்நாட்டு உருஷியில் பெரும்பகுதி வடக்கே இவாதே மாகாணத்து ஜோபோஜி வட்டாரத்தில் எடுக்கப்படுகிறது. ஆனாலும் ஜப்பானில் செலவாகும் உருஷியில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருவதுதான். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு டம்ளரே பாதிப் பதில்.

தமிழில் இதை அரக்கு என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. லாக்கர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் அரக்கைக் குறிக்கும் லாக்ஷா என்ற சமஸ்கிருதச் சொல்லில் போய் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின். சூடு காட்டினால் இளகும், சாராயத்தில் கரையும். சன்னபட்டணா பொம்மைகளில் கடைசல் சுற்றும்போதே நிறம் ஏற்ற முடிவது அந்த இளகும் குணத்தால்தான். உருஷி ஒருமுறை இறுகிவிட்டால் உருகாது, சாராயத்தில் கரையாது, அமிலத்துக்கும் அவ்வளவு சீக்கிரம் அசராது. 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்குப் போய்த் திரும்பிய ஜப்பானியப் பொருள்களோடு, நீல் என்ற பிரெஞ்சுக் கப்பல் 1874 மார்ச்சில் இசு தீபகற்பத்தின் அருகே மூழ்கியது. ஓராண்டுக்கு மேல் கடலடியில் கிடந்து வெளியே எடுத்த உருஷிப் பொருள்களில் சில, பெரிய சேதமில்லாமல் இருந்தன.

இப்போது சொந்தக் கதை. உருஷி மரம் மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கும், முந்திரிக் கொட்டையைச் சுட்டு உடைத்துக் கை பொத்துப்போனவர்களுக்கும் இந்தக் குடும்பத்தின் குணம் தெரியும். சேராங்கொட்டையை இன்னும் நன்றாகத் தெரியும். துணி வெளுப்பவர்கள் அந்தக் கொட்டையின் சாற்றால்தான் குறி போட்டார்கள். வைக்கும்போது பழுப்பு, காற்றுப் பட்டுப் பட்டுக் கறுத்துவிடும், அப்புறம் எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. உருஷிப் பாலில் இருக்கும் உருஷியால் என்ற பொருளும் இதே இனம்தான். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளம் போடும், காற்றோடு சேர்ந்து இறுகும், இறுகியபின் அசையாது. புதிதாகத் தொழில் கற்க வருபவர்களுக்கு முதலில் கிடைப்பது அரிப்புதான். முழுதாக இறுகிய பேனாவைத் தொடுவதால் பொதுவாக எதுவும் ஆகாது. மிகப் புதிதாக வந்த பேனாவில் மட்டும் ஒவ்வாமை உள்ளவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்கலாம்.

முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து செய்த ஒரு பூச்சு, உருஷிக்கு மாற்றாக ஜப்பானில் கேஷ்யூ என்ற பெயரிலேயே புழங்குகிறது. பார்வைக்கு உருஷி போலவே இருக்கும். விலை குறைவு. ஆனால் நாம் பேசப்போகும் வயது மாற்றத்தை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். பேனா விவரத்தில் உருஷி என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

காய்வதில்லை, உறைகிறது

வயது மாற்றம் ஏன் வருகிறது என்று புரிய, இது எப்படி இறுகுகிறது என்று தெரிய வேண்டும். மற்ற பெயின்ட்களில் பலவும் அதிலுள்ள தின்னர் ஆவியாகிப் போவதால் காய்கின்றன. துணி காய்கிற கதைதான். உருஷி வெயிலில் வைத்தால் காயாது. ஈரம் வேண்டும். 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 70 முதல் 85 சதவீதம் ஈரப்பதமும் உள்ள மரப்பெட்டிக்குள் வைப்பார்கள். அதற்கு ஜப்பானிய மொழியில் ஃபுரோ என்று பெயர், குளியல் தொட்டிக்கும் அதே ஒலிதான். நம் ஊரில் கசகசவென்று வேர்த்து ஊற்றும் மழைக்கால மாலையை ஒரு அலமாரிக்குள் அடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் எதற்கு? மரப்பாலில் 60 சதவீதத்துக்கு மேல் உருஷியால். மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பசை, அப்புறம் துளியளவு ஒரு நொதி. அந்த நொதிதான் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை வைத்து உருஷியால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து வலையாக்குகிறது. அது வேலை செய்ய ஈரம் தேவை. 1883-இல் யோஷிதா ஹிகோரோகுரோ என்ற ஜப்பானிய வேதியியலாளர் இந்த மரப்பாலை ஆராய்ந்தபோதுதான் இப்படி ஒன்று இருப்பது தெரிந்தது. பின்னால் அதற்கு லாக்கேஸ் என்று பெயர் வந்தது. பால் காய்ந்தா தயிராகிறது? உறைகிறது. இதுவும் அப்படித்தான். தயிரில் வேலை செய்வது கிருமி, இங்கே நொதி, அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் உறைதல் என்ற சொல் காய்தலைவிட இதற்குப் பொருந்துகிறது.

உறைவது ஒரு நாளில் முடிவதில்லை. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளிலேயே வந்துவிடும். அடுத்த பூச்சு ஏற்றலாம், தேய்க்கலாம். ஆனால் அந்த வலை உள்ளுக்குள் இறுகிக்கொண்டே போவதற்கு மாதங்கள், வருடங்கள் ஆகின்றன. புதுப் பேனாவின் மூடியைத் திறந்து முகர்ந்தால் புளித்த மாதிரி ஒரு வாடை வரும், அது பூச்சு இன்னும் இளசு என்பதற்கு அடையாளம். சில மாதத்தில் போய்விடும். பேனா உங்கள் கைக்கு வந்த நாளில் அது முடிந்த பொருளே இல்லை. கடைசிக் கட்ட வேலை உங்கள் மேசையில் நடக்கிறது.

நிறத்தின் கதையும் இங்கேயே ஒளிந்திருக்கிறது. மரத்திலிருந்து வடியும்போது பால் வெளுப்பாக இருக்கும். காற்றுப் பட்டதும் பழுப்பாகும். இறுகும்போது அந்தப் பழுப்பு இன்னும் அடர்ந்துவிடும். ஈரம் அதிகம் வைத்து அவசரமாக உறைய வைத்தால் மேலும் கறுக்கும், சுருக்கம்கூட விழும். பொறுமையாக உறைய விட்டால் நிறம் பிழைக்கும். சிவப்பு பூசுபவர்கள் பெட்டியின் ஈரத்தை அளந்து அளந்து வைப்பது இதனால்தான். ஆக, புதுப் பேனாவின் ஒவ்வொரு நிறத்தின் மேலும் கொஞ்சம் டிகாக்ஷன் ஊற்றியது போல ஒரு பழுப்பு இருக்கும். வருடம் போகப் போக அது தெளிகிறது. கடும் பழுப்பு தேன் நிறமாகிறது. உள்ளே இருக்கும் நிறம் வெளியே வருகிறது. நான் முதலில் சொன்ன திரை இதுதான்.

பேனாவுக்கு உருஷி வந்தது ஏன்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உருஷி பேனாவுக்கு வந்ததே, பேனா வயதாகி அசிங்கமாவதைத் தடுக்கத்தான்.

நூறு வருடம் முன்பு நல்ல பேனாக்கள் எபனைட்டில் செய்யப்பட்டன. ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய பொருள் அது. கடைய எளிது, மைக்கு அசராது, கைக்கு இதமாக இருக்கும். திருவள்ளூரில் இன்றும் கையால் கடைந்து எபனைட் பேனா செய்கிறார்கள். அந்தப் பேனாவை வைத்திருப்பவர்களுக்கு அதன் குறையும் தெரிந்திருக்கும்: வெளிச்சமும் ஈரமும் பட்டால் கருப்பு வெளிறிப் பழுப்பும் பச்சையுமாகி, பளபளப்பு போய்விடும். மேற்பரப்பிலுள்ள கந்தகம் மெல்ல ஆக்சிஜனோடு சேர்வதுதான் காரணம்.

1918-இல் தோக்கியோவில் நமிகி ரியோசுகே நண்பருடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் பின்னால் பைலட் ஆனது. எபனைட் இப்படி நிறம் மாறுவது அவர்களுக்குப் பெரிய தலைவலி. 1920களின் நடுவில் அவர்கள் கண்ட வழி, எபனைட்டின் மேல் உருஷியை ஏற்றுவது. லாக்கனைட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். காற்றும் ஈரமும் அடியில் உள்ள ரப்பரைத் தொட முடியாமல் உருஷி மூடிக்கொண்டது. மூடியது மட்டும் போதுமா, அழகும் வேண்டாமா என்று அதன் மேல் தங்கப் பொடியில் மகி-எ ஓவியம் வந்தது. மத்சுதா கோன்ரோகு என்ற பெரும் கலைஞர் அந்தப் பணிக்குள் வந்தார். 1930-இல் லண்டன் டன்ஹில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆகி, டன்ஹில்-நமிகி என்ற பெயரில் அந்தப் பேனாக்கள் ஐரோப்பாவுக்குப் போயின. ஏலங்களில் இன்று பெரிய விலைக்குப் போவது அவைதான். ஒன்றின் வயது மாற்றத்தை மறைக்கப் பூசிய பொருள், தன் வயது மாற்றத்துக்காகவே விரும்பப்படும் பொருளாகிவிட்டது.

இன்றும் நிறையப் பேனாக்களில் அடியில் எபனைட்தான், மேலே உருஷி. பைலட் கஸ்டம் உருஷி அப்படி. பிளாட்டினம் என்ற ஜப்பானியப் பேனா நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்த நகாயாவும் அப்படி. நகாயா பேனாக்களுக்குப் பூச்சு போடுவது இஷிகாவா மாகாணத்து வஜிமாவின் கைவினைஞர்கள். 2024 புத்தாண்டு நாளில் 7.6 அளவு நிலநடுக்கம் வந்து, காலைச் சந்தைத் தெருவே எரிந்துபோன ஊர் அது. பட்டறைகளும் பல அழிந்தன.

எந்த நிறம் எப்படி மாறும்

முதலில் என் பேனா. அதன் பூச்சுக்குத் தமேநுரி என்று பெயர். அடியில் சிவப்பு உருஷி பூசி இறுகவிட்டு, அதன் மேல் நிறமி எதுவும் சேர்க்காத பழுப்பு உருஷியை ஏற்றுவார்கள். உருஷி எந்தப் பொருளில் பூசினாலும் கூர் விளிம்பில் மெலிந்தே நிற்கும். அதனால் மூடி விளிம்பிலும் மரைக்குப் பக்கத்திலும் அடிச் சிவப்பு தெரியும், மற்ற இடத்தில் மூடிக் கிடக்கும். மேலே உள்ள பழுப்பு வருடம் போகப் போகத் தெளியத் தெளிய, சிவப்பு விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் போவது போல் தெரியும். எதுவும் நகரவில்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றிய டிகாக்ஷன் விளிம்பில் சிவப்பாகவும் நடுவில் கருப்பாகவும் இருக்கும், தண்ணீர் கலந்தால் நடுவும் சிவக்கும், அதே கணக்கு. அடிப்பூச்சு பச்சையாக இருந்தால் பச்சை வரும். வயது மாற்றத்தைப் பார்க்க ஆசைப்பட்டு முதல் உருஷி பேனா வாங்குபவருக்கு நான் சொல்வது தமேநுரிதான். வேறெதிலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

சிவப்பு, அதாவது ஷு, பாதரச சல்ஃபைடு நிறமி சேர்த்தது. நம் ஜாதிலிங்கமேதான். புதிதில் கொஞ்சம் மங்கலாக, செங்கல்லும் மிளகாய் வற்றலும் கலந்தது மாதிரி இருக்கும். வாங்கியவர்கள் "படத்தில் பார்த்த நிறம் இல்லையே" என்று குறைபட்டுக்கொள்வதும் உண்டு. படம் எடுத்த பேனா ஓரிரண்டு வயது மூத்ததாக இருக்கலாம். பொறுத்தால் உங்களுடையதும் அங்கே வந்து சேரும்.

வெள்ளைதான் எனக்கு மிகப் பிடித்த ஏமாற்று. உருஷியில் சுத்தமான வெள்ளை கிடையாது. வெள்ளை நிறமியைக் கலப்பதே பழுப்புப் பாலில் என்பதால், வெள்ளை என்று விற்கும் பேனா பால் தூக்கலாகப் போட்ட டீ நிறத்தில் வரும். வருடங்கள் போனால் அது வெளுக்கும், ஆனால் தாள் வெள்ளையாக ஒருநாளும் ஆகாது. வெள்ளைச் சட்டை நாளாக நாளாகப் பழுப்பாவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இது தலைகீழ்.

கருப்புக்கு இந்த விளையாட்டு கிடையாது. அதில் கரியைக் கலப்பதில்லை. இரும்பைச் சேர்க்கிறார்கள், அது உருஷியாலோடு வினைபுரிந்து பாலையே கறுக்க வைக்கிறது. நிறமித் துகள் மிதக்காத கருப்பு என்பதால் ஆழம் அப்படி இருக்கும். கும்மிருட்டைச் சொல்லும் ஷிக்கோகு என்ற ஜப்பானியச் சொல்லுக்கே பொருள் உருஷிக் கருப்பு என்பதுதான். அதில் தெளிவதற்கு எதுவும் இல்லை. நன்றாக வைத்திருந்தால் அப்படியே இருக்கும். மோசமாக வைத்திருந்தால் பழுப்பேறும். அதை அப்புறம் பார்ப்போம்.

மகி-எ ஓவியங்களில் தங்கம் மாறாது, வெள்ளி மாறும். மேலே மூடாமல் விட்ட வெள்ளிப் பொடி காற்றிலுள்ள கந்தகம் பட்டு மெல்லக் கறுக்கும். நிலவை வெள்ளியில் வரைந்திருந்தால் அது மேகம் மூடிய நிலவாகிவிடும். இதை எதிர்பார்த்தே வரைபவர்களும் உண்டு. தங்கத் துகள்களின் மேல் தெளிவான உருஷியை மூடிச் செய்யும் நஷிஜி என்ற வேலைப்பாட்டில் தங்கம் அப்படியேதான் இருக்கும், மேலே உள்ள பழுப்பு தெளிவதால் துகள்கள் முன்பைவிட மின்னும்.

கையின் பங்கு

இதுவரை சொன்னது பூச்சு தானாக மாறுவது. தேய்மானம் வேறு கணக்கு.

ரோஇரோ என்ற பளபளப்பு வகையில், கடைசிப் பூச்சைக் கரியால் தேய்த்துச் சமன் செய்து, உருஷியை மெல்லத் தடவித் துடைத்து, மான் கொம்புப் பொடியை விரலில் தொட்டு மெருகேற்றுவார்கள். கடைசி மெருகு விரலாலேயே வருவதால், அதன் பிறகு உங்கள் விரல் தொடர்ந்து செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். தினமும் எழுதும் பேனா பெட்டியில் தூங்கும் பேனாவைவிடப் பளிச்சென்று இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாட்டி வீட்டு மரத் தூணில், ஆள் கை வைத்து நிற்கும் உயரத்தில் மட்டும் ஒரு மினுமினுப்பு இருக்குமே, அது.

சொரசொரப்பான, மங்கலான பூச்சுகளிலும் இதேதான் நடக்கும், ஆனால் அங்கே அது எல்லாருக்கும் பிடிப்பதில்லை. கல் போன்ற மேற்பரப்புக்காக ஆசைப்பட்டு வாங்கிய ஒன்றில், கட்டைவிரல் படும் இடம் மட்டும் இரண்டு வருடத்தில் வழவழவென்று மின்னத் தொடங்கினால் சிலருக்கு மனசு கஷ்டமாகிவிடும். மேடுகள் தேய்ந்து மெருகேறுகின்றன, தடுக்க வழியில்லை. அது பிடிக்காது என்று தோன்றினால் பளபளப்பு வகையையே வாங்கிவிடுங்கள்.

தேய்மானத்தை அழகாகவே பார்க்கும் மரபும் அங்கே உண்டு. வகயாமாவில் நெகோரோ என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. அங்கே துறவிகள் பயன்படுத்திய கிண்ணங்களிலும் தட்டுகளிலும் அடியில் கருப்பு, மேலே சிவப்பு. பல்லாண்டு கை பட்டுப் பட்டுச் சிவப்பு தேய்ந்து, அங்கங்கே கருப்பு எட்டிப்பார்க்கும். 1585-இல் தொயொதோமி ஹிதெயோஷி என்ற போர்த்தலைவரின் படை கோயிலை எரித்துவிட்டது, ஆனால் அந்தத் தோற்றம் நெகோரோநுரி என்ற பெயரோடு நிலைத்துவிட்டது. பேனாக்களிலும் வருகிறது, பெரும்பாலும் பட்டறையிலேயே தேய்த்துக் கருப்பை வரவைத்து விற்கிறார்கள். என்னைக் கேட்டால், தேய்க்காத நெகோரோவை வாங்கி நாமே எழுதி எழுதித் தேய்ப்பதில்தான் சுவை. அதற்கு ஒரு ஆயுள் போதுமா என்பது வேறு விஷயம்.

கெடுவது எது

வெயில். ஒரே சொல்லில் சொன்னால் அவ்வளவுதான். அமிலத்துக்கும் சாராயத்துக்கும் கடலுக்கும் அசராத உருஷி, புற ஊதாக் கதிருக்கு மட்டும் தோற்கும். அது மேற்பரப்பின் வலையை அறுக்கிறது. முதலில் பளபளப்பு போகும், பிறகு கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள், பிறகு சுண்ணாம்பு பூத்தது போல மேற்பரப்பு பொடியத் தொடங்கும். கருப்பு, டீத்தூள் நிறத்துக்குப் போகும். வெயிலும் மழையும் படும் கோயில் கட்டடங்களில் உருஷியைத் திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது இதனால்தான். அதே உருஷி மண்ணுக்குள், இருட்டில், ஈரத்தில் கிடந்தால் ஆயிரக்கணக்கான வருடம் தாங்கும். ஃபுகுயி மாகாணத்துத் தொரிஹாமா தொல்லிடத்தில் கிடைத்த சிவப்பு உருஷிச் சீப்புக்கு வயது சுமார் 6000.

இதில் சிக்கல் என்னவென்றால், பூச்சு தெளிவதற்கும் வெளிச்சம் துணை செய்கிறது. ஒளி படும் இடம் சீக்கிரம் தெளியும். கனிய வைப்பதும் அழுக வைப்பதும் ஒரே கைதான், அளவு மட்டும்தான் வித்தியாசம். அறைக்குள் சாதாரண வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தால் போதும், தெளிவு தானாக வரும். சீக்கிரம் சிவப்பு வரட்டும் என்று மொட்டை மாடியில் வடகம் மாதிரி காய வைக்காதீர்கள். அப்படிச் செய்தவர்களும் உண்டு.

நான் செய்த தவறு வேறு. கருப்பு உருஷி பேனா ஒன்றை, அழகாக இருக்கிறதே என்று மேற்கு பார்த்த ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி அலமாரியில் நிற்க வைத்தேன். இரண்டு கோடை. தினமும் சாயங்கால வெயில் ஒரே பக்கத்தில் விழுந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் கன்னங்கரேல், மறுபக்கம் மங்கிப்போன பழுப்பு. கிளிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். கிளிப்பின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும், கத்தி நுனி அகலத்துக்குப் பழைய கருப்பு ஒரு கோடாக அப்படியே நின்றது. துணியால் துடைத்தேன், தேய்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. போன பளபளப்பு வீட்டில் செய்யும் வேலையால் திரும்பாது. மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு ஏற்றத் தெரிந்த கைவினைஞரிடம்தான் போக வேண்டும். உருஷியின் மேல் உருஷி நன்றாகப் பிடிக்கும் என்பது ஒரு ஆறுதல்.

வெயில் தவிர மற்றவை சில்லறை. நகமும் சாவியும் கீறல் போடும், அதனால் சட்டைப் பையில் சாவியோடு வேண்டாம். எழுதும்போது மூடியைப் பேனாவின் பின்னால் செருகும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அந்த இடத்தில் வளையமாகத் தேய்ந்துவிடும். கூர் விளிம்பில் பூச்சு மெல்லிசு என்று சொன்னேன், கீழே விழுந்தால் பெயர்வது அங்கேதான். மையில் ஊற வைக்கவோ, வெந்நீரில் கழுவவோ தேவையே இல்லை. மெழுகு, பாலிஷ், தேங்காய் எண்ணெய், எதுவும் வேண்டாம். பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று போதும்.

பழைய பேனா வாங்கும்போது

இரண்டாம் கையாக உருஷி பேனா வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறம் மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள். கனிந்த பூச்சில் நிறம் சுற்றிலும் ஒரே மாதிரி மாறியிருக்கும், பளபளப்பு குறையாமல் இருக்கும், சாய்த்துப் பார்த்தால் விளக்கின் பிம்பம் விளிம்பு மங்காமல் தெரியும். வெயிலில் கெட்டதில் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி இருக்கும், விளக்கின் பிம்பம் புகை படிந்த கண்ணாடியில் பார்ப்பது போல் கலங்கும். வெள்ளைத் துணியில் லேசாகத் துடைத்துத் துணியில் நிறம் வருகிறதா என்று பார்ப்பதும் ஒரு வழி, மேற்பரப்பு பொடிந்திருந்தால் ஒட்டிவரும்.

அப்புறம் மூடியைக் கழற்றி, மூடிக்குள் மறைந்திருக்கும் கழுத்துப் பகுதியைப் பாருங்கள். வெளிச்சம் குறைவாகப் பட்ட இடம் அது. உடலின் நிறத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பேனா எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று ஓரளவு தெரியும். என் தமேநுரியில் கழுத்து இன்னும் கடுங்காப்பிதான். மூடியைத் திருகி மூடினால் அது மறைந்துபோய், கருப்பட்டிப் பாகு மட்டும் தெரிகிறது.